தாளில் உள்ள எண்ணும் நெஞ்சில் உள்ள மூச்சும்

இன்றைய சொற்பொழிவு எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் இரண்டு கூறுகளை உடையது: குழந்தையின் இரத்தப் பரிசோதனைத் தாளில் சற்றே கூடியும் சற்றே குறைந்தும் வரும் எண்களை எவ்வாறு புரிந்துகொள்வது என்பது ஒன்று, அந்த எண்களுக்கும் அக்குழந்தையின் நுரையீரலுக்கும் உள்ள உறவு எதுவரை செல்கிறது, எங்கே முடிகிறது என்பது மற்றொன்று.

இருமலும் சளியுமாக வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் தமிழ்நாட்டில் எந்தச் சிறு நகரத்திலும் எளிதாகக் கிடைப்பது இரத்தப் பரிசோதனை. காலையில் இரத்தம் எடுத்தால் மாலைக்குள் தாள் கைக்கு வந்துவிடுகிறது. அதில் சில எண்கள் தடித்த எழுத்தில் இருக்கின்றன, சிலவற்றின் அருகே மேல்நோக்கிய அம்புக்குறி நிற்கிறது. அந்த அம்பைத் தொடர்ந்து மூன்று வாக்கியங்கள் வீட்டுக்குள் நுழைகின்றன: "ஈஸ்னோபில் ஏறியிருக்கிறது", "இ.எஸ்.ஆர். கூட இருக்கிறது", "பிரைமரி காம்ப்ளக்ஸாக இருக்கலாம்". இந்த மூன்று வாக்கியங்கள் எத்தனை தாய்மார்களின் உறக்கத்தைக் கெடுத்திருக்கின்றன! எத்தனை பிள்ளைகளை மாதக்கணக்கில் தேவையற்ற மாத்திரைகளை விழுங்க வைத்திருக்கின்றன! அதே வேளையில், இரத்தத் தாள் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் மூச்சுத் திணறிய பிள்ளையை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்க வைத்த வீடுகளும் உண்டல்லவா? இந்த இரண்டு பிழைகளும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. நுரையீரலைப் பற்றிய முதன்மைச் சாட்சி மூச்சு. இரத்தம் துணைச் சாட்சி. துணைச் சாட்சியின் சொல்லை மட்டும் கேட்டு வழங்கப்படும் தீர்ப்பு இரு பக்கமும் தவறக்கூடும்.

முதலில், அந்த அம்புக்குறி எங்கிருந்து வருகிறது? ஓர் ஆய்வகம் அச்சிடும் "இயல்பு எல்லை" என்பது, நலமாக இருக்கும் பலரின் இரத்தத்தை அளந்து, அந்த அளவுகளை வரிசைப்படுத்தி, நடுவில் அமையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் அளவுகளை மட்டும் எல்லைக்குள் வைத்து, மேலே இரண்டரை விழுக்காட்டையும் கீழே இரண்டரை விழுக்காட்டையும் வெளியே விட்டு வகுக்கப்படுவது. அப்படி வெளியே விடப்பட்டவர்களும் நலமாக இருந்தவர்களே என்பதை மறக்கக் கூடாது. அதாவது, எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவருக்கு, வகுத்த முறையின் காரணமாகவே, எண் எல்லையைத் தாண்டி நிற்கும். ஒரே தாளில் ஒன்றையொன்று சாராத இருபது அளவுகள் அச்சிடப்பட்டால், முற்றிலும் நலமான ஒருவருக்குக் குறைந்தது ஓர் அம்புக்குறியாவது விழும் வாய்ப்பு நூற்றுக்கு 64 என்று கணக்குச் சொல்கிறது. உண்மையில் இரத்த அளவுகள் பல ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும், ஓர் அம்பும் இல்லாத நீண்ட அறிக்கைதான் அரிது என்பதை உணர்த்த இது போதும்.

குழந்தை என்று வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. பல ஆய்வகங்களின் தாளில் அச்சாகியிருக்கும் எல்லை பெரியவர்களுக்கு உரியது. அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டு, தோள் இறங்குகிறது, கை நீள்கிறது, ஆகவே பிள்ளையின் உடம்பில் கோளாறு என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிறந்த குழந்தையின் ஹீமோகுளோபின், அதாவது சிவப்பணுக்களுக்குள் இருந்து உயிர்வளியைச் சுமக்கும் புரதம், டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் என்ற அளவில் இருந்து, எட்டாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடையில் 9 முதல் 11 கிராம் வரை தானாகவே இறங்கி, பிறகு மெல்ல ஏறுகிறது. கருவறையை விட உயிர்வளி மிகுந்த உலகுக்கு வந்துவிட்ட உடல், புதிய சிவப்பணுக்களைச் செய்யும் வேகத்தைச் சிறிது காலம் குறைத்துக்கொள்வதால் நேரும் இயல்பான இறக்கம் அது. பெரியவர்களின் வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்னும் வகை மேலோங்கி நிற்க, பிறந்த முதல் வாரத்துக்குப் பின் ஏறத்தாழ நான்கு, ஐந்து வயது வரை லிம்போசைட் என்னும் வகையே மேலோங்கி நிற்கிறது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு லிம்போசைட் 60 விழுக்காடு என்பது அச்சப்பட வேண்டிய எண்ணே அல்ல. எலும்பு வளர்கிற வயதில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி பெரியவர்களின் மேல் எல்லையைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருப்பதும் அவ்வாறே. அதைக் கண்டு கல்லீரல் கெட்டுவிட்டதோ என்று கலங்குவோர் பலர்.

ஆனால், எண் பெரியவர்களின் எல்லைக்குள் இருப்பதும் சில நேரம் ஏமாற்றும். கைக்குழந்தையின் லிம்போசைட் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,800 என்று வந்தால், பெரியவர்களின் கீழ் எல்லை 1,000 என்பதால் தாளில் அம்பு எதுவும் விழாது. ஆனால் சில மாதக் குழந்தைக்கு அந்த எண்ணிக்கை 2,500-க்குக் கீழே இறங்கினாலே, நோயெதிர்ப்பு ஆற்றல் பிறவியிலேயே கடுமையாகக் குறைந்த நிலை இருக்குமோ என்று குழந்தை மருத்துவர் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட குழந்தைக்குத்தான் நிமோனியா அடுத்தடுத்து வரும், வாய்ப்புண் ஆறாது, எடை ஏறாது. அதே வீட்டில் முன்பு ஒரு குழந்தை கைக்குழந்தைப் பருவத்திலேயே இறந்திருக்கவும் கூடும். அம்புக்குறி இல்லாத எண் ஒன்று நுரையீரலின் துன்பத்துக்கு விடை சொல்லும் இடம் இது. ஆகவே, எண்ணைப் படிக்குமுன் வயதைப் படிக்க வேண்டும். தாளைப் பார்க்குமுன் பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

இரத்தம் எடுக்கப்பட்ட வேளையும் எண்ணை மாற்றும். கைகால்களைப் பிடித்து அழுத்தி, வீறிட்டு அழும் குழந்தையிடமிருந்து எடுத்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடுதலாக இருக்கும். இழுப்புக்காக நெபுலைசர் வைத்த பிறகு எடுத்தால், அதிலுள்ள சால்பியூட்டமால் பொட்டாசியத்தைச் சற்று இறக்கியும் சர்க்கரையைச் சற்று ஏற்றியும் காட்டும். ஸ்டீராய்டு மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் நியூட்ரோபில் ஏறும், ஈசினோபில் இறங்கும். காய்ச்சல் தணிந்து ஓரிரு வாரம் ஆன பிள்ளைக்கு, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் நான்கரை லட்சத்தைத் தாண்டி நிற்பதும், வைரஸ் காய்ச்சலின்போது நியூட்ரோபில் குறைந்து காணப்படுவதும் அன்றாடம் நிகழ்பவை. என்ன மருந்து, எப்போது கொடுக்கப்பட்டது, எப்போது இரத்தம் எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் அறியாமல் தாளைப் படிப்பவர் பாதித் தாளைத்தான் படிக்கிறார்.

அவையோர் பலரும் எதிர்பார்த்திருக்கும் இடத்துக்கு இப்போது வருவோம். ஈசினோபில்! தமிழ்நாட்டு வீடுகளில் இந்த ஒரு சொல் பெற்றிருக்கும் புகழ் வேறெந்த அணுவுக்கும் இல்லை. "இவனுக்கு ஈஸ்னோபீலியா" என்று ஒரு நோயின் பெயரைப் போலவே சொல்கிறார்கள். தயிரை நிறுத்துகிறார்கள், வாழைப்பழத்தை நிறுத்துகிறார்கள், தலைக்கு ஊற்றுவதைக் கூட நிறுத்துகிறார்கள். உண்மையில் அது என்ன? 1879-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக், ஈயோசின் என்னும் சிவப்புச் சாயத்தைப் பற்றிக்கொண்டு பளிச்செனத் தெரியும் வெள்ளணு ஒன்றைக் கண்டு விளக்கினார், அதுவே ஈசினோபில். புழு போன்ற பெரிய ஒட்டுண்ணிகளோடு போராடுவதும், ஒவ்வாமையின்போது திரண்டு வந்து, சில வேளைகளில் சொந்தத் திசுவையே புண்படுத்துவதும் அதன் பணிகள். அதன் எண்ணிக்கை கூடியிருப்பது ஓர் அடையாளம் மட்டுமே. நோயின் பெயர் அன்று.

அந்த அடையாளத்தையும் சரியாக அளக்க வேண்டும். தாளில் "ஈசினோபில் 8 விழுக்காடு" என்று இருக்கிறது; எல்லை 6 என்று போட்டிருக்கிறது; அம்பு விழுந்துவிட்டது. ஆனால் எதில் 8 விழுக்காடு? மொத்த வெள்ளணுக்கள் 5,000 என்றால் ஈசினோபில் 400 ஆகிறது, அது இயல்பு. மொத்தம் 12,000 என்றால் 960 ஆகிறது; அது மிகுதி. ஒரே விழுக்காடு, இரு வேறு பொருள்! எனவே கேட்க வேண்டியது விழுக்காட்டை விடுத்து முழு எண்ணிக்கையை, மருத்துவர்கள் ஏ.இ.சி. என்று சுருக்கமாகச் சொல்வதை. மைக்ரோலிட்டருக்கு 500 வரை இயல்பு என்றும், 500 முதல் 1,500 வரை சிறு மிகுதி என்றும், அதற்கு மேல் 5,000 வரை நடுத்தர மிகுதி என்றும், அதையும் கடந்தால் கடும் மிகுதி என்றும் பொதுவாக வகுப்பர். குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படுவது அந்தச் சிறு மிகுதியே. அதன் பின்னால் பெரும்பாலும் நிற்பவை ஒவ்வாமைத் தும்மல், தோலில் வரும் கரப்பான், ஆஸ்துமா, வயிற்றுப் புழு ஆகிய நான்கு.

வயிற்றுப் புழுவுக்கும் நுரையீரலுக்கும் என்ன தொடர்பு என்று அவையில் யாரேனும் வியக்கக்கூடும். 1922-இல் கொயினோ என்னும் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் அந்தத் தொடர்பைத் தம் உடம்பிலேயே மெய்ப்பித்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் உருண்டைப்புழு முட்டைகளை அவர் தாமே விழுங்கினார். சில நாட்களில் காய்ச்சலும் இருமலும் வந்தன. அவர் துப்பிய சளியில் புழுவின் இளம் பருவங்கள் நெளிந்தன! மண்ணிலிருந்து வாய்க்குள் போன முட்டை குடலில் பொரிந்து, இளம்புழு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் ஏறி, நுரையீரலின் காற்றறைகளை அடைந்து, மூச்சுக்குழல் வழியே தொண்டைக்கு ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலுக்குத் திரும்பிய பிறகே முழுப்புழு ஆகிறது. இந்தப் பயணத்தின்போது வரும் இருமலும், எக்ஸ்ரேயில் இடம் மாறி மாறித் தோன்றி மறையும் நிழலும், இரத்தத்தில் ஏறும் ஈசினோபிலும் ஒன்றாகச் சேர்ந்து வருவதை 1932-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் லோஃப்லர் விளக்கினார். சில வாரங்களில் அது தானே அடங்கிவிடும். குடற்புழுவை நீக்க 2015 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்கு ஆல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது அல்லவா? அதை வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிடும் பெற்றோர், கொயினோ விழுங்கியதை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

இனி, இரத்த எண்ணே முதன்மைச் சாட்சியாக எழுந்து நின்ற ஒரு வரலாறு. அது தொலைதூரத்தில் நிகழவில்லை. அன்றைய சென்னை மாகாணத்தில், மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் இருந்த காசநோய் விடுதியில் நிகழ்ந்தது. அங்கே காசநோய் என்று அனுப்பப்பட்ட நோயாளிகள் சிலருக்கு மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, இரவெல்லாம் இருமல், எக்ஸ்ரேயில் இரு நுரையீரலிலும் புள்ளி புள்ளியாக நிழல் ஆகிய எல்லாம் இருந்தன. ஆனால் சளியில் காசநோய்க் கிருமி மட்டும் இல்லை. அவர்கள் இரத்தத்தில் ஈசினோபில்கள் வியப்பூட்டும் அளவில் குவிந்திருந்தன. டென்மார்க்கிலிருந்து வந்து பணியாற்றிய ஃப்ரீமோட்-மோலரும் உடன் பணியாற்றிய பார்ட்டனும் 1940-இல் இதைக் காசநோய் போலத் தோன்றும் தனி நிலை என்று எழுதினர். 1943-இல் வைன்கார்ட்டன் என்னும் மருத்துவர் இதற்கு வெப்பமண்டல ஈசினோபில் நோய் என்று பெயரிட்டு, ஆர்செனிக் கலந்த மருந்தால் இது குணமாவதையும் காட்டினார். யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியாப் புழுவின் நுண்குஞ்சுகளை நுரையீரலில் சிக்கவைத்து அழிக்க உடல் அளவு மீறிப் போராடுவதே இதன் காரணம் என்பது பிற்பாடு தெளிந்தது. இன்று டி.இ.சி. என்னும் டைஎதில்கார்பமசின் மாத்திரை ஏறத்தாழ மூன்று வாரங்களில் இதை அடக்குகிறது; கவனிக்காமல் விட்டால் நுரையீரல் நாளடைவில் தழும்பேறி இறுகிவிடும்.

இந்த வரலாற்றில்தான் ஒரு பெரிய குழப்பமும் தொடங்குகிறது. அந்த உண்மையான நோயில் ஈசினோபில் எண்ணிக்கை பொதுவாக 3,000-ஐத் தாண்டுகிறது. அது பெரும்பாலும் இளைஞர்களைப் பற்றுவது, சிறு குழந்தைகளிடம் குறைவு. ஆனால் அந்நோயின் பெயர் மட்டும் மருத்துவமனைகளிலிருந்து தெருவுக்கு இறங்கி வந்து, எண்ணிக்கை 600-உம் 700-உமாக இருக்கும் ஒவ்வொரு இருமல் பிள்ளையின் நெற்றியிலும் ஒட்டிக்கொண்டது. அவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது ஆஸ்துமா. ஆஸ்துமா என்றால் உறவினர் என்ன நினைப்பார்கள், நாளை பெண்ணுக்குத் திருமணம் பேசும்போது என்ன ஆகும் என்ற தயக்கத்தில், வீட்டாரும் சில நேரம் மருத்துவரும் கூட "ஈஸ்னோபீலியா" என்றோ "வீசிங்" என்றோ "நெஞ்சுச்சளி" என்றோ மென்மையான பெயரைச் சூட்டிவிடுகின்றனர். பெயர் மென்மையாகிவிட்டால் நோயும் மென்மையாகிவிடுமா? ஆகாது. அதன் விளைவு என்ன? தேவைப்படும் இன்ஹேலர் தள்ளிப்போகிறது; தேவைப்படாத இருமல் மருந்துப் புட்டிகள் அடுக்கப்படுகின்றன.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும், அது பெரிய மருந்து என்ற அச்சத்துக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். சால்பியூட்டமால் இனிப்பு மருந்தின் ஒரு தேக்கரண்டியில், அதாவது ஐந்து மில்லிலிட்டரில், 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம் இருக்கிறது. முன்னது பின்னதைப் போல் இருபது மடங்கு! அந்த இருபது மடங்கும் வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, இதயத்தைப் படபடக்கச் செய்து, கையை நடுங்கச் செய்த பிறகுதான் சிறு பகுதி மூச்சுக்குழலை அடைகிறது. ஸ்பேசர் என்னும் குழாய்க்கூட்டின் வழியே கொடுத்தால் கைக்குழந்தைக்கும் மருந்து நேரே நெஞ்சுக்குள் போகும். எதைப் பெரிய மருந்து என்று சொல்வது?

அடுத்தது பிரைமரி காம்ப்ளக்ஸ். காசநோய்க் கிருமி முதன்முதலாக நுரையீரலுக்குள் நுழையும்போது அங்கே ஒரு சிறு புண்ணும், அதைச் சார்ந்த நிணநீர்க் கட்டியில் வீக்கமும் உண்டாகின்றன. 1912-இல் கோன் என்னும் நோய்க்கூற்று அறிஞர் விரிவாக விளக்கிய இந்த இணையைத்தான் அப்பெயர் குறிக்கிறது. ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, எடை ஏறவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது, இ.எஸ்.ஆர். 30 என்று வந்திருக்கிறது. இவற்றைக் கூட்டி ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கப்படுவதுண்டு. இ.எஸ்.ஆர். என்பது நிமிர்த்தி வைத்த குழாயில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்ற அளவு. சாதாரணச் சளியிலும் அது கூடும். இரும்புச்சத்துக் குறைந்த இரத்தசோகையிலும் கூடும். இந்த நாட்டுப் பிள்ளைகளில் இரத்தசோகை எவ்வளவு மலிந்தது என்பதை அறிந்தவர்கள், அந்த 30-ஐ நுரையீரலின் மேல் சுமத்தத் தயங்குவார்கள்.

காசநோயை ஐயுற வேண்டியது எப்போது? இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் அல்லது காய்ச்சல், வளர்ச்சி அட்டையில் தெளிவாகத் தெரியும் எடை இழப்பு, வீட்டிலோ அண்டையிலோ காசநோயாளி ஒருவர் இருத்தல் ஆகியவை முதல் குறிகள். அதன்பின் எக்ஸ்ரே, அதன்பின் சளியிலோ, சளி துப்பத் தெரியாத குழந்தையின் இரைப்பை நீரிலோ கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை, துணையாகத் தோலில் போடும் மாண்டூ சோதனை. இரத்தத்தில் காசநோய் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனைகள் நம்பத்தகாதவை என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் அறிவித்தது. இந்திய அரசு 2012-இல் அவற்றைத் தடையே செய்துவிட்டது. இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: வீட்டில் சளியில் கிருமி உள்ள காசநோயாளி இருந்தால், அங்குள்ள ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் இ.எஸ்.ஆர். பத்தாக இருந்தாலும் அப்பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே எண் தேவையில்லை, உறவே போதும்.

இரத்தத் தாளில் வரும் மற்றோர் அளவான சி.ஆர்.பி. பற்றிச் சுருக்கமாக. நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் கண்டறிந்த புரதம் இது; கல்லீரல் இதைச் செய்கிறது; அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறி, இரண்டு நாளில் உச்சம் அடைந்து, அழற்சி தணிந்தால் விரைவில் இறங்குகிறது. நுரையீரல் நோயிலேயே பிறந்த சோதனையாக இருந்தும், குழந்தையின் நிமோனியா வைரஸால் வந்ததா பாக்டீரியாவால் வந்ததா என்று இது பிரித்துச் சொல்லாது. ஆகவே எல்லாப் பிள்ளைக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்று பிரிட்டிஷ் மார்பு நோய்ச் சங்கத்தின் 2011 வழிகாட்டி கூறிவிட்டது.

அப்படியானால் நுரையீரலைப் பற்றி எதுதான் சொல்லும்? மூச்சு சொல்லும். பிறக்கும்போது குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் சில கோடி மட்டுமே. வளர்ந்து முடியும்போது அவை முப்பது கோடியையும் எட்டுகின்றன. அந்தக் காற்றறைகளுக்குச் செல்லும் குழல்களும் சிறியவை. குழலின் விட்டம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை இருமடங்கு ஆகும் என்றே யாரும் நினைப்பார்கள். இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை. சீராக ஓடும் காற்றுக்கு அந்தத் தடை பதினாறு மடங்கு ஆகிறது! நான்கு மில்லிமீட்டர் குழலின் சுவரில் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீக்கம் வந்தால் குழந்தைக்கு நேர்வது அதுதான். அதே வீக்கம் பெரியவரின் அகன்ற குழலில் வெறும் தொண்டைக் கரகரப்போடு போய்விடும். ஆகவேதான், தடையை வெல்ல வழியில்லாத குழந்தை, மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

அந்த எண்ணிக்கையை யாரும் எண்ணலாம் என்பதே இந்தச் சொற்பொழிவின் நடுநாயகமான செய்தி. பப்புவா நியூ கினியில் ஷான் என்னும் மருத்துவர் 1984-இல் இந்த எளிய வழியை முன்வைத்தார். அதைத் தொடர்ந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலியோர் சளியும் இருமலுமாக வந்த குழந்தைகளின் மூச்சை எண்ணி, எளிய அறிகுறிகளைக் கொண்டே நுரையீரல் தொற்றை நம்பத்தகுந்த அளவில் கண்டுகொள்ள முடியும் என்று 1988-இல் லான்செட் இதழில் எழுதினர். கைக்குழந்தைக்கு ஓர் அளவு, ஓராண்டு கடந்த குழந்தைக்கு வேறோர் அளவு என்று வயதுக்கேற்பப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்த வேலூர் ஆய்வு வலுவூட்டியது. உலக சுகாதார நிறுவனம் இன்று கையாளும் அளவுகள் இவை: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ, இரண்டு மாதம் முதல் ஓராண்டு நிறையும் வரை 50 முறையோ அதற்கு மேலோ, ஓராண்டு முதல் ஐந்தாண்டு நிறையும் வரை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் இன்று ஒரு சுகாதாரப் பணியாளர் பயன்படுத்தும் அளவுகளின் பின்னால் வேலூரின் உழைப்பும் இருக்கிறது என்பதைத் தமிழ்நாட்டார் அறிந்து பெருமை கொள்ளாதது ஏன்?

எண்ணும் முறையும் முக்கியம். குழந்தை அழும்போது எண்ணக் கூடாது, பால் குடிக்கும்போதும் எண்ணக் கூடாது. தாயின் மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, மார்பும் வயிறும் எழுந்து தாழ்வதைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது பிழை தரும். குழந்தையின் மூச்சு ஒரே சீராக ஓடுவதில்லை. காய்ச்சல் மிகுந்திருந்தால் மூச்சும் விரையும் என்பதால், காய்ச்சல் தணிந்த பின் மறுபடியும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் திணறல் தெரிந்தால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளின் அடிப்பகுதி உள்ளே குழிவது, மூக்குத் துளை விடைப்பது, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் முனகுவது, பால் குடிக்க முடியாமல் போவது, உதடு நீலம் பாய்வது, குழந்தை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், இரத்தத் தாள் எவ்வளவு அழகாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் உயிர்வளிச் செறிவை 95-க்கு மேல் காட்டுவது இயல்பு, 90-க்குக் கீழ் காட்டுவது ஆபத்து. ஆனால் நெளியும் குளிர்ந்த சிறுவிரலில் பெரியவர்களுக்கான கருவி பொய் சொல்லவும் கூடும்.

நுரையீரலைப் பற்றிப் பேசிவிட்டு அது இழுக்கும் காற்றைப் பேசாமல் விடலாமா? மூடிய அறையில் ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. இரவெல்லாம் அந்தப் புகையில் உறங்கிய பிள்ளைக்குக் காலையில் இருமல் வருகிறது. அந்த இருமலுக்கு ஈசினோபில் பார்க்க இரத்தம் எடுக்கிறார்கள்! கொசுவலை கட்டினால் பாதி வேலை முடிந்தது. விறகடுப்புப் புகையும், வீட்டுக்குள் புகைக்கும் பீடியும் இதே கணக்கில் சேரும். நுரையீரலைக் காக்கத் தடுப்பூசிகளும் உண்டு. நிமோனியாவை உண்டாக்கக்கூடிய ஹிப் என்னும் கிருமிக்கான தடுப்பைத் தரும் ஐந்து நோய்த் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கப்பட்டது. நிமோகாக்கல் தடுப்பூசி 2021-இல் நாடு முழுமைக்கும் விரிந்தது. இவை இரண்டும் அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிக் கிடைப்பவை.

சற்றே பிசகிய எண்ணோடு நிற்கும் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? பிள்ளை ஓடி விளையாடுகிறதா, உண்கிறதா, எடை ஏறுகிறதா, இரவில் அமைதியாக உறங்குகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இந்த நான்குக்கும் ஆம் என்ற விடை வந்தால், பெரும்பாலும் மருத்துவர் சொல்வது, நோய் முற்றும் தணிந்து சில வாரங்கள் கழித்து அதே பரிசோதனையை மீண்டும் செய்து பார்க்கலாம் என்பதே. பல அம்புகள் அதற்குள் தாமே மறைந்திருக்கும். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட அணு வகைகள் ஒருங்கே குறைந்திருந்தாலும், ஒவ்வொரு முறையும் எண் ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனாலும், ஓராண்டில் இரண்டாம் முறையாக நிமோனியா வந்தாலும், விரல் நுனிகள் தடித்து நகம் கவிழ்ந்தாலும், பொறுத்திருப்பது தவறு. பழைய தாள்களைத் தூக்கி எறியாமல், தேதியும் அன்றைய எடையும் கொடுத்த மருந்தும் குறித்து ஒரே கோப்பில் அடுக்கி வைப்பது மருத்துவருக்குச் செய்யும் பேருதவி.

தாய்மார்களே, தந்தைமார்களே! இன்று வீடு திரும்பியதும், பிள்ளை நன்றாக இருக்கும் இந்த வேளையிலேயே, அது உறங்கும்போது அதன் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணி, அந்த எண்ணைத் தடுப்பூசி அட்டையின் பின்புறம் தேதியோடு எழுதி வையுங்கள். நோய் வரும் நாளில் மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்க, எந்த ஆய்வகமும் தர முடியாத இயல்பு எல்லை, உங்கள் பிள்ளைக்கே உரிய எல்லை, உங்கள் கையில் இருக்கும்.